டெம்பரேச்சர் முள் டர்போவின் சூட்டைக் காட்டாது

"டெம்பரேச்சர் முள் நடுவில் நின்றால் டர்போவும் பத்திரமாக இருக்கிறது, எப்படி ஓட்டி வந்தாலும் உடனே ஆஃப் செய்யலாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு. (டர்போ என்பது எஞ்சின் புகையின் விசையால் சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் கருவி.)

அந்த முள் காட்டுவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் சூட்டை மட்டும்தான். அது வழக்கமாகச் சுமார் 90 டிகிரி செல்சியஸ். அதுவும் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் அசையாமல் நடுவிலேயே நிற்கும்படிதான் பல கார்களில் முள்ளை அமைத்திருக்கிறார்கள். டர்போவுக்குள் நுழையும் புகையின் சூடு வேறு கணக்கு. எஞ்சினுக்கு முழு வேலை கொடுக்கும்போது டீசலில் 700 டிகிரியையும், பெட்ரோலில் 900-ஐயும் தாண்டலாம்.

நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடிய டர்போ தண்டு, பெரும்பாலான கார்களில் எஞ்சின் ஆயிலின் மெல்லிய படலத்தில் மிதக்கிறது. மலை ஏறி வந்த கையோடு எஞ்சினை நிறுத்தினால் ஆயில் ஓட்டமும் நின்றுவிடும். டர்பைன் (புகை சுழற்றும் சக்கரம்) பக்கத்துச் சூடு, தண்டைத் தாங்கும் பேரிங்குக்குப் பரவி, அங்கே தங்கிய ஆயிலைக் கரியாக்கும். நாளடைவில் ஆயில் வழியே அடைபடலாம்.

அதற்காகத் தினமும் ஐந்து நிமிடம் ஐடிலில் (வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும் நிலையில்) விட வேண்டாம். ஊருக்குள் மெதுவாக வந்தால் அப்படியே நிறுத்தலாம். விரட்டி வந்திருந்தால் கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டுங்கள். முடியாவிட்டால் ஒன்றிரண்டு நிமிடம் ஐடில் போதும். கூலன்ட் ஓடும் டர்போவில் ஆபத்து குறைவு.

அப்புறம், டீசல் வண்டியை ரீமேப் செய்தவர்களுக்கு (சக்தியைக் கூட்ட எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றியவர்களுக்கு): கூடுதல் டீசல் புகைச் சூட்டை ஏற்றும். டர்போவுக்கு முன்னால் தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கும் சென்சார்) வைத்த ஈஜிடி மீட்டரை, அதாவது புகைச் சூட்டைக் காட்டும் மீட்டரை, கட்டாயம் பொருத்துங்கள்.