பரோ மட்டும்தானா?

2019 சீசன்ல எல்எஸ்யூ (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) அமெரிக்கக் கால்பந்து அணி 15 ஆட்டத்திலும் தோற்காததுக்கு, பந்தை எறியுற குவார்ட்டர்பேக் ஜோ பரோ ஒருத்தரே காரணம்னு கட்டுரையை முடிச்சிட்டீங்க. 60 டச் டவுன் பாஸ் (எதிரணி எல்லைக்குள்ள புள்ளி எடுத்துக் கொடுக்கிற எறி), சும்மா இல்லைதான். ஆனா பாஸ் ஆட்டப் பயிற்சியாளர் ஜோ பிராடியை எப்படி மறந்தீங்க சார்? நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ்ங்கிற தொழில்முறை அணியில இருந்து வந்து பாஸ் ஆட்டத்தையே புரட்டிப் போட்டவர் அவர். பந்தைப் பிடிக்க ஜமார் சேஸ், ஜஸ்டின் ஜெஃபர்சன் வேற! இறுதி ஆட்டத்துல எதிரணி கிளெம்சன் 17-7னு முன்னால போனப்ப எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு, முடிவுல 42-25னு எல்எஸ்யூ ஜெயிச்சது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் ஆட்டத்தன்னைக்கு, லூசியானா பிரெஞ்சுப் பாணியில தன் பேரோட எழுத்தை மாத்தி சட்டை முதுகுல போட்டுக்கிட்டு பரோ மைதானத்துக்குள்ள ஓடி வந்தாரே, அதையாவது ஒரு வரி எழுதியிருக்கலாம்.