பாஸ்வேர்ட் காலாவதியாம், மறுபடியும்!

காலையிலேயே திரையில் சிவப்பு எழுத்து: 'உங்கள் பாஸ்வேர்ட் காலாவதியாகிவிட்டது.' தக்கலை அலுவலகத்தில் நான் விழி பிதுங்கி உட்கார்ந்திருக்க, குலசேகரத்திலிருந்து மழையில் வந்த பாட்டி எதிரே நிற்கிறார். பிளாஸ்டிக் கவரில் சுற்றிய பாஸ்புக்கிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. சென்னை ஐடி பிரிவுக்குப் போன் செய்தால், 'டிக்கெட் போடுங்க சார்.' அதாவது, கணினியில் புகார் பதிய வேண்டுமாம். லாகின் ஆனால்தானே ஐயா டிக்கெட் போட முடியும்!

45 நாளுக்கு ஒருமுறை மாற்று, பெரிய எழுத்து வை, எண் வை, குறியீடு வை, பழையது கூடாது. யாருக்கு ஞாபகம் இருக்கும்? பக்கத்து சீட்டில் மானிட்டருக்கு அடியில் எழுதியே ஒட்டிவிட்டார்கள். இதுவா பாதுகாப்பு? காரணமில்லாமல் மாற்றச் சொல்லாதீர்கள் என்று அமெரிக்க அரசின் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனமான என்ஐஎஸ்டி 2017-லேயே சொல்லியாகிவிட்டது. இவர்கள் காதில் அது எப்போது விழும்?

மணி பன்னிரண்டு. 'மக்களே, நான் நாளைக்கு வரட்டா?' என்கிறார் பாட்டி.