கடற்கொள்ளையர் விக்கித்திட்டம்: சேர்ப்பதைவிட நீக்குவதே பெரிய வேலை

விக்கிப்பீடியாவில் கடற்கொள்ளை வரலாற்றுக்கென்று தனித் திட்டம் (அந்தத் தலைப்புக் கட்டுரைகளைச் சேர்ந்து கவனிக்கும் தொகுப்பாளர் குழு) ஆரம்பித்தால் அது போகும் பாதையை முன்கூட்டியே சொல்லிவிடலாம். முதலில் மண்டை ஓட்டுச் சின்னத்தோடு ஒரு வார்ப்புரு (பக்கங்களில் ஒட்டும் ஆயத்தப் பெட்டி) தயாராகும். அடுத்து அதை நூற்றுக்கணக்கான பேச்சுப் பக்கங்களில் (கட்டுரை பற்றி விவாதிக்கும் பக்கங்களில்) ஒட்டுவார்கள். பிறகு போட்டி, புள்ளி, பரிசு. சில மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் மூன்று வரிக் குறுங்கட்டுரைகள் குவிந்து கிடக்கும். திட்டப் பக்கத்தின் தலையில் 'செயலற்றது' என்று எழுதியிருக்கும்.

இந்தத் தலைப்பில் கட்டுரைப் பஞ்சம் பெரிய பிரச்சினை இல்லை. இருக்கிற கட்டுரைகளுக்குள் கதை மண்டிக் கிடப்பதுதான் பிரச்சினை. அதனால் இப்படி ஒரு திட்டத்தின் முதல் வேலை களையெடுப்பு. எத்தனை கட்டுரை புதிதாக வந்தது என்று எண்ணுவதையே முதல் ஆண்டில் நிறுத்திவிட வேண்டும் என்பேன்.

கதை எங்கிருந்து வருகிறது? பாதிக்கு மேல் ஒரே நூலிலிருந்து. 1724இல் லண்டனில் 'கேப்டன் சார்லஸ் ஜான்சன்' என்ற பெயரில் வெளிவந்த கடற்கொள்ளையர் பொது வரலாறுதான் அது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது யார் என்று இன்றுவரை உறுதியாகவில்லை. நாவலாசிரியர் டேனியல் டீஃபோ என்று 20ஆம் நூற்றாண்டில் ஓர் ஆய்வாளர் வாதிட, பல பதிப்புகள் அட்டையிலேயே அப்படிப் போட்டன. 1988இல் ஃபர்பேங்க், ஓவன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அந்த வாதத்தின் அடித்தளத்தையே அசைத்தார்கள். ஆகவே மேற்கோளில் 'டீஃபோ' என்று எழுதியிருப்பதைக் கண்டால் திருத்துங்கள்.

நூலையே ஒதுக்கச் சொல்லவில்லை. வழக்கு விசாரணை அச்சுகளையும் அக்காலச் செய்தித்தாள்களையும் கையில் வைத்துக்கொண்டு எழுதிய பகுதிகள் பிற ஆவணங்களோடு நன்றாகவே ஒத்துப்போகின்றன. ஆனால் 1728இல் வந்த இரண்டாம் தொகுதியில் கேப்டன் மிஸ்ஸன் என்பவர் மடகாஸ்கரில் லிபர்டாலியா என்ற சமத்துவக் குடியிருப்பை நிறுவியதாக ஓர் அத்தியாயம் வருகிறது. மிஸ்ஸன் வாழ்ந்ததற்கு வேறு சான்று எதுவுமில்லை. வரலாற்றாசிரியர்கள் அதைக் கற்பனை என்றே கொள்கிறார்கள். இருந்தாலும் 'வரலாற்றுக் குடியரசுகள்' போன்ற பட்டியல்களில் லிபர்டாலியா திரும்பத் திரும்ப எட்டிப் பார்க்கும்.

இதற்குத் திட்டம் வைக்க வேண்டிய விதி எளியது. ஒரு செய்தி ஜான்சன் நூலில் மட்டும் இருந்தால் வாக்கியத்திலேயே அதைச் சொல்ல வேண்டும். அடிக்குறிப்பில் மறைத்தால் போதாது. இரண்டு தனித்தனிச் சான்றுகள் இருந்தால்தான் யார் சொன்னது என்று குறிக்காமல் கட்டுரையின் சொந்தக் குரலில் எழுதலாம். பின்னால் வந்த பத்து நூல்கள் ஒரே செய்தியைச் சொன்னாலும், பத்தும் ஜான்சனைப் பார்த்து எழுதியவை என்றால் சான்று ஒன்றுதான்.

ஓர் உதாரணம். பிளாக்பியர்டு என்ற ஆங்கிலேயக் கடற்கொள்ளையர் பற்றிய கட்டுரையில் பொதுவாக இப்படி ஒரு வரி இருக்கும்: "போருக்குச் செல்லும்போது தொப்பிக்குக் கீழே எரியும் திரிகளைச் செருகிக்கொள்வார், அவருக்கு 14 மனைவியர்." இரண்டும் ஜான்சன் சொன்னவை. இதற்கு மாறாக, அவரிடம் கப்பலைப் பறிகொடுத்த ஹென்றி பாஸ்டாக் என்ற கேப்டன் 1717 டிசம்பரில் கொடுத்த வாக்குமூலம் இருக்கிறது. உயரமானவர், ஒல்லியானவர், மிக நீண்ட கருந்தாடி வைத்தவர் என்கிறார் அவர். திரியும் புகையும் அதில் இல்லை. ஆகவே வரி இப்படி மாற வேண்டும்: "1717இல் அவரை நேரில் கண்ட பாஸ்டாக், உயரமான, ஒல்லியான, நீண்ட கருந்தாடி கொண்ட மனிதர் என்று வாக்குமூலம் அளித்தார். தொப்பிக்குக் கீழே எரியும் திரிகளைச் செருகியிருந்ததாக 1724இல் வெளிவந்த ஜான்சன் நூல் கூறுகிறது." பரபரப்பு கொஞ்சம் குறையும், குறையட்டும். வாசகருக்கு யார் எதைச் சொன்னார் என்று தெரிந்துவிடும்.

இப்படி நீக்கும்போது புதியவர்கள் ஒரு தப்புப் பண்ணுவார்கள்: வரியைத் தூக்கிவிட்டுப் பேசாமல் போய்விடுவார்கள். மூன்று மாதத்தில் வேறொருவர் அதே வரியை இன்னொரு வலைத்தளத்தை மேற்கோள் காட்டித் திரும்பச் சேர்ப்பார். பல நேரம் அந்த வலைத்தளமே விக்கிப்பீடியாவின் பழைய வடிவத்திலிருந்து எடுத்ததாக இருக்கும். நீக்கிய வரியை அப்படியே பேச்சுப் பக்கத்தில் போட்டு, காரணத்தை இரண்டு வரியில் எழுதி, தொகுப்புச் சுருக்கத்தில் (திருத்தத்தைச் சேமிக்கும்போது எழுதும் சிறு குறிப்பில்) 'பார்க்க: பேச்சு' என்று குறிப்பிடுங்கள். ரொம்பப் புகழ்பெற்ற கதை என்றால் நீக்கவே வேண்டாம். 'பிற்காலக் கதைகள்' என்று ஒரு பகுதி வைத்து அங்கே நகர்த்துவதே நிலைக்கும். பலகைமேல் நடக்கவைத்துக் கடலில் தள்ளுவது, தீவில் புதையல் புதைப்பது எல்லாம் அந்த வகை. புதையலில் மட்டும் கவனம்: வில்லியம் கிட் என்ற கேப்டன் 1699இல் நியூயார்க் அருகே கார்டினர்ஸ் தீவில் கொஞ்சம் புதைத்தது உண்மை, அதிகாரிகள் அதைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். எல்லாமே பொய் என்று துடைத்துவிடுவதும் தவறுதான்.

தேதிகள் தனித் தலைவலி. இங்கிலாந்து 1752 வரை ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. பிரான்சும் ஸ்பெயினும் 1582லேயே கிரிகோரியனுக்குப் போய்விட்டன. 18ஆம் நூற்றாண்டில் இரண்டுக்கும் இடைவெளி 11 நாள், 17ஆம் நூற்றாண்டில் 10 நாள். பிளாக்பியர்டு வட கரோலினாவின் ஓக்ரகோக்கில் கொல்லப்பட்ட 1718 நவம்பர் 22 ஜூலியன் தேதி. கிரிகோரியனில் டிசம்பர் 3. இதோடு போகவில்லை. இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்ததால், ஜனவரி முதல் மார்ச் 24 வரை நடந்தவை ஆவணத்தில் முந்தைய ஆண்டின் கணக்கில் இருக்கும். பார்த்தலோமியூ ராபர்ட்ஸ் என்ற கொள்ளைக் கேப்டன் இறந்த 1722 பிப்ரவரி 10 அக்கால ஆவணத்தில் 1721 என்றோ 1721/22 என்றோ இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஒருவர் 1721 என்று 'திருத்துவார்', இன்னொருவர் மீளமைப்பார், சண்டை ஆரம்பிக்கும். திட்டப் பக்கத்திலேயே ஒரு தீர்மானம் எழுதி வைத்துவிட வேண்டும்: ஆங்கிலேய நிகழ்வுகளுக்கு நாளை ஜூலியனில் வைப்பது, ஆண்டை மட்டும் ஜனவரி 1 கணக்குக்கு மாற்றுவது, முதல் தேதிக்கு அருகில் ஒரு குறிப்பு போடுவது. பிரெஞ்சு ஆவணத்தையும் ஆங்கில ஆவணத்தையும் ஒரே பத்தியில் கலக்கும்போது எது எந்த நாட்காட்டி என்று பார்க்காவிட்டால், கப்பல் பிடிபடுவதற்கு முன்பே விற்கப்பட்டுவிடும்.

எண்களும் அப்படித்தான். சீனப் பெண் கொள்ளைத் தலைவர் செங் யி சாவ் பற்றிய கட்டுரைகளில் 1,800 கப்பல், 70,000 ஆட்கள் என்று தாராளமாக எழுதியிருப்பார்கள். 1810இல் அவரும் அவருடைய கூட்டாளி ஜாங் பாவும் சிங் அரசிடம் சரணடைந்தபோது பதிவான கணக்கு 17,318 ஆட்கள், 226 கப்பல்கள். அவர்களுடைய கொள்ளையர் கூட்டமைப்பில் பிற அணிகளும் இருந்ததால் இதை மொத்தக் கணக்காகவும் போடக்கூடாது. 'சரணடைந்தபோது' என்ற சொல் இல்லாமல் அந்த எண் கட்டுரைக்குள் வரக்கூடாது. 1695இல் ஹென்றி எவ்ரி கொள்ளையடித்த முகலாயக் கப்பல் கஞ்சி சவாயின் மதிப்புக்கு கிழக்கிந்தியக் கம்பெனி சொன்னது 3,25,000 பவுண்டு, முகலாயத் தரப்பில் கேட்டது 6,00,000 பவுண்டு. இழப்பீடு கொடுக்க வேண்டியவருக்குக் குறைத்துச் சொல்ல ஆசை, வாங்க வேண்டியவருக்குக் கூட்டிச் சொல்ல ஆசை. சராசரி எடுத்து ஒரே எண்ணாகப் போடுவது மோசமான சமரசம். இரண்டையும் சொன்னவரோடு சேர்த்துப் போடுங்கள். பழங்காலத்திலும் இதே கதைதான்: சீசரைப் பிடித்த கொள்ளையர் 20 தாலந்து கேட்க, அவர் 50 கொடுக்கச் சொன்னார் என்று எழுதிய புளூட்டார்க், அது நடந்து ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து எழுதியவர்.

கட்டுரையின் ஓரத்தில் விவரங்களைக் கட்டம் கட்டித் தரும் தகவற்சட்டம்தான் எனக்கு மிகவும் ஆகாதது. 'பிறப்பு' என்ற கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்தால் சிலருக்குக் கை அரிக்கும். பிளாக்பியர்டு பிறந்தது சுமார் 1680 என்பது இறக்கும்போது இருந்திருக்கக்கூடிய வயதை வைத்துப் போட்ட ஊகம். 'சுமார்' என்ற தகுதிச்சொல் இல்லாமல் எல்லா மொழி விக்கிப்பீடியாக்களும் பகிரும் தரவுத்தளமான விக்கித்தரவில் 1680 ஏறிவிட்டால், அங்கிருந்து தானாக இழுக்கும் எல்லா மொழித் தகவற்சட்டங்களிலும் அது உறுதியான ஆண்டாகத் தெரியும். ஆகவே திட்டத்தில் தேதிகளைக் கவனிப்பவர் கட்டுரையோடு விக்கித்தரவு உருப்படியையும் சேர்த்தே சரிபார்க்க வேண்டும். பிளாக்பியர்டின் குடும்பப் பெயருக்கும் அப்படித்தான்: டீச், தாட்ச், தாச் என்று ஆவணங்களில் பல வடிவங்கள் உண்டு. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரே கட்டுரைக்குக் கொண்டுபோகும் வழிமாற்று போடாவிட்டால் ஒரே ஆளுக்கு இரண்டு கட்டுரை முளைக்கும்.

படங்களுக்கு ஒரே ஒரு விதி போதும்: வரைந்த ஆண்டு இல்லாமல் படவிளக்கம் கூடாது. கொள்ளையர் ஓவியங்களுக்குப் பேர்போன அமெரிக்க ஓவியர் ஹோவர்டு பைல் 1911இல் இறந்தவர், பதிப்புரிமை முடிந்துவிட்டது, அவருடைய ஓவியங்களை விக்கிமீடியாவின் படக் களஞ்சியமான பொதுவகத்திலிருந்து தாராளமாக எடுக்கலாம். ஆனால் தலைத்துணியும் இடுப்புப் பட்டையுமாக அவர் வரைந்தவர்கள் அவருடைய கற்பனை மனிதர்கள். கொடிகள் இன்னும் மோசம். எலும்புக்கூடு ஒரு கையில் ஈட்டியால் இதயத்தைக் குத்தும் கொடியை பிளாக்பியர்டுடையது என்று பல மொழிகளில் போட்டிருக்கிறார்கள். அவர் காலத்துச் சான்று அதற்கு இல்லை, அவர் பெயரோடு அதை ஒட்டியது 20ஆம் நூற்றாண்டில். கட்டுரையில் எடுத்தால் போதாது. பொதுவகத்தில் கோப்பின் விவரத்திலேயே அதை எழுதி வைக்க வேண்டும்.

யாரைத் திட்டத்துக்குள் சேர்ப்பது என்பதில்தான் அதிகச் சண்டை வரும். 1600இல் போர்த்துக்கீசியர் கோவாவில் கொன்ற நான்காம் குஞ்ஞாலி மரைக்காயர் அவர்கள் ஏட்டில் கொள்ளையர். கோழிக்கோட்டு மன்னரான சாமூத்திரியின் கடற்படையை நடத்திய மரபில் வந்தவர் அவர். கானோஜி ஆங்கரே மராத்தியக் கடற்படைத் தலைவர். கம்பெனிக் கடிதங்களில் கொள்ளையர். பிரான்சிஸ் டிரேக்குக்கு 1581இல் எலிசபெத் ராணி சர் பட்டம் கொடுத்தார். ஸ்பெயின் கொள்ளையன் என்றது. மூவருக்கும் ஒரே அளவுகோல் இருக்க வேண்டும்: முதல் வாக்கியத்தில் பதவி, யாருக்காகப் பணி செய்தார் என்பது; அடுத்த வாக்கியத்தில் யார் அவரைக் கொள்ளையர் என்றார்கள், ஏன் என்பது. டிரேக்கைக் 'கடலோடி' என்று தொடங்கிவிட்டு ஆங்கரேயைக் 'கொள்ளையர்' என்று தொடங்கினால் அது பாரபட்சம். திட்ட வார்ப்புருவைப் பேச்சுப் பக்கத்தில் போடுவதால் ஒருவர் கொள்ளையர் ஆகிவிட மாட்டார், 'கடற்கொள்ளையர்' என்ற பகுப்பில் (கட்டுரைகளை வகைப்படுத்தும் பட்டியலில்) போட்டால் ஆகிவிடுவார், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எல்லாக் கப்பல்களிலும் 'ஜனநாயகம்' கண்டுபிடிக்கும் மோகத்தையும் கொஞ்சம் அடக்க வேண்டும். கேப்டனை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தது பல குழுக்களில் உண்மை. பிளாக்பியர்டின் குயீன் ஆன்ஸ் ரிவெஞ்ச் அதற்கு முன் லா கான்கார்ட் என்ற பிரெஞ்சு அடிமைக் கப்பல் என்பதும் உண்மை. ராபர்ட்ஸின் ஆட்கள் 1722இல் மேற்கு ஆப்பிரிக்காவின் கேப் கோஸ்ட் கோட்டையில் விசாரிக்கப்பட்டு 52 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அதே கப்பல்களில் இருந்த ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். ஓட்டுப் போட்ட கதை மட்டும் இருந்து அடிமை வணிகம் விடுபட்ட கட்டுரைக்கு எந்தத் தர மதிப்பீடும் கொடுக்கக்கூடாது.

ஆள் பலம் பற்றி. ஏழெட்டுப் பேர் போதும். ஒருவர் நூல் பொறுப்பு: எந்த நூலின் எந்தப் பதிப்பு எங்கே படியெடுத்துக் கிடைக்கிறது என்று பட்டியல் வைத்திருப்பார். ஜான்சன் நூல் 1724க்கும் 1726க்கும் இடையில் நான்கு பதிப்பு கண்டது. பதிப்பு சொல்லாத பக்க எண்ணால் பயனில்லை. ஒருவர் தேதியும் விக்கித்தரவும், ஒருவர் படங்கள், மற்றவர்கள் கட்டுரைகள். முதல் 25 கட்டுரைகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றும் குறைந்தது மூன்று பேரின் கவனிப்புப் பட்டியலில் இருக்கட்டும். எழுதியவரே தன் கட்டுரைக்குத் தரம் போடக்கூடாது. பட்டியல் எடுக்க, பகுப்புகளிலிருந்து கட்டுரைகளைத் திரட்டும் பெட்ஸ்கேன் என்ற கருவியில் 'கடற்கொள்ளை' பகுப்பைக் கொடுத்தால் ஆழம் 2 (இரண்டு அடுக்கு உட்பகுப்புகள்) வரை போதும். அதற்கு மேல் போனால் புனைவுப் பகுப்பு வழியாகத் திரைப்படமும் காணொளி விளையாட்டும் கொட்டும். வேறு மொழிக் கட்டுரையைத் தமிழாக்கும் மொழிபெயர்ப்புக் கருவி மூலக் கட்டுரையின் மேற்கோள்களையும் இழுத்து வந்துவிடும். பார்க்காத நூலைப் பார்த்ததுபோல் மேற்கோளில் விட்டுவைப்பதைவிட அந்த வரியையே விட்டுவிடுவது மேல். செப்டம்பர் 19 அன்று மட்டும் இரண்டு பேர் கூடுதலாக விழித்திருக்க வேண்டும். அன்று 'கொள்ளையர் போலப் பேசும் நாள்' என்று உலகெங்கும் விளையாடுவார்கள், விளையாட்டுக் கட்டுரைக்குள்ளும் வரும்.

தற்காலக் கட்டுரைகளைத் தனியே பிரித்து அனுபவசாலியிடம் கொடுங்கள். 1982 கடல்சார் சட்ட உடன்படிக்கையின் 101ஆம் பிரிவுப்படி, தனிநபர் நோக்கத்துக்காக ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலைத் திறந்த கடலில் தாக்கினால்தான் கடற்கொள்ளை. 12 கடல்மைலுக்குள், ஒரு நாட்டின் ஆட்சி எல்லையில் நடந்தால் அது சட்டப்படி கப்பல்மீதான ஆயுதக் கொள்ளை. கோலாலம்பூரில் உள்ள சர்வதேசக் கடல்சார் பணியகத்தின் அறிக்கை மையம் இரண்டையும் சேர்த்து எண்ணுகிறது. அந்த எண்ணை எடுத்து 'கடற்கொள்ளைச் சம்பவங்கள்' என்று போட்டால் மலாக்கா நீரிணை பற்றிய அட்டவணை முழுதும் தப்பாகும். சோமாலியாவில் இந்த எல்லைப் பிரச்சினைக்காகவே ஐ.நா. பாதுகாப்பு அவை 2008 ஜூனில் 1816ஆம் தீர்மானம் போட்டு, சோமாலியக் கடலெல்லைக்குள் நுழைய அனுமதித்தது. பிடிபட்டவர்கள் பலர் உயிரோடு இருக்கிறார்கள். நீதிமன்றம் தண்டிக்கும் வரை சந்தேக நபரின் பெயர் கட்டுரையில் வரக்கூடாது, பேச்சுப் பக்கத்திலும் கூடாது. யாராவது சேர்த்திருந்தால் முதலில் எடுத்துவிட்டு, காரணத்தைப் பெயர் சொல்லாமல் எழுதுங்கள். பழைய பதிப்பிலிருந்தும் மறைக்க நிர்வாகியிடம் கேளுங்கள்.