ஓட்டுப் போட்டு ஒரு கதாநாயகி

இசை நாடகத்துக்குக் கதாநாயகியை டிவி பார்ப்பவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்களாம்! 2006இல் லண்டன் பல்லேடியம் அரங்கில் ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ நாடகத்தின் மரியாவாக நடிக்க ஆள் தேடி பிபிசி இதை ஆரம்பித்தது. கானி ஃபிஷர் ஜெயித்தார். நன்றாகப் பாடுபவர்தான், அதில் குறையில்லை. ஆனால் டிவியில் ஒரு பாட்டுப் பாடுவதும் வாரத்துக்கு எட்டுக் காட்சி தாங்குவதும் ஒன்றா? அவருக்கு ஆறு காட்சி, மீதி இரண்டுக்கு வேறு நடிகை. ஓட்டுப் போட்டவர் அந்த நாளுக்கு டிக்கெட் எடுத்திருந்தால்? போச்சு!

2008இல் இதே மாதிரிப் போட்டியில் ‘ஆலிவர்!’ நாடகத்தின் நான்சி வேடத்துக்கு, நடுவராக இருந்த இசையமைப்பாளர் ஆண்ட்ரூ லாயிட் வெபர் போட்டியாளர் ஜெஸ்ஸி பக்லி பக்கம் சாய்ந்தார். ஜனங்கள் ஜோடி பிரெஞ்சரை ஜெயிக்க வைத்தார்கள். அப்புறம் வெபருக்கு அங்கே நடுவர் நாற்காலி எதற்கு, அழகுக்கா?