மாணவர் தேர்தலுக்குத் தடையா?

பல்கலைக்கழகத்தில் போராட்டம் வெடித்தால் போதும், "மாணவர் பேரவைத் தேர்தலை உச்ச நீதிமன்றம் 2006லேயே தடை செய்துவிட்டது, லிங்டோ கமிட்டி சொன்னதுதான்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றும். தவறு.

மாணவர் தேர்தல்களை ஆராய முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம்.லிங்டோ தலைமையில் அமைந்த குழு சொன்னது நேர் எதிர்: தேர்தல் நடத்த வேண்டும், கல்வியாண்டு தொடங்கி 6 முதல் 8 வாரங்களுக்குள். உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பரில் அமல்படுத்தச் சொன்னதும் இதைத்தான். கட்டுப்பாடுகள் உண்டு: வேட்பாளர் செலவு 5,000 ரூபாய்க்குள், வருகைப்பதிவு குறைந்தது 75 சதவீதம். அச்சடித்த போஸ்டர் கூடாது. கையால் எழுதி, ஒதுக்கிய இடத்தில் மட்டும் ஒட்டலாம். (5,000 ரூபாய்க்குள் தேர்தலா என்று சிரிக்கலாம், அது வேறு கதை.)

சரி, தடை என்ற பேச்சு எங்கிருந்து வந்திருக்கலாம்? அமைதியாகத் தேர்தல் நடத்தச் சூழல் சரியில்லாத வளாகங்களில், தேர்தலுக்குப் பதில் மாணவர் பிரதிநிதிகளை நியமிக்கும் முறைக்கு லிங்டோ குழுவின் அறிக்கை இடம் கொடுத்தது. அதுவும் தற்காலிகமாகத்தான்.