ரயில் பொருத்தம்

(2025 ஐப்பசி, ஒரு வியாழக்கிழமை இரவு. மறுநாள் காலை மயிலாப்பூரில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அப்பா தணிகாசலம் தாம்பரத்திலிருந்து தொலைபேசியில் அழைக்கிறார். எடுப்பவர் பெண்ணின் அப்பா சுந்தரமூர்த்தி. ‘சம்பந்தி’ என்ற சொல் இருவருக்கும் புதிது. அதனால் புதுச் செருப்பைப் போல அதைத் தேவைக்கு மேல் போட்டு நடக்கிறார்கள்.)

தணிகாசலம்: வணக்கம் சம்பந்தி. நாளைக்கு நாங்கள் இருபத்தொரு பேர், பதினொரு தட்டு. வேன் பேசிவிட்டேன். உங்கள் வாசலில் நிறுத்த இடமிருக்கிறதல்லவா?

சுந்தரமூர்த்தி: வாசலா? கச்சேரி சாலைப் பக்கம் வாசல் இருந்த இடத்தில் எல்லாம் இப்போது தகரத் தடுப்புதான் சம்பந்தி. மெட்ரோ வேலை. நேற்று கறிவேப்பிலை வாங்கப் போன என் மனைவி, மூன்று தெரு சுற்றித் திரும்பி வருவதற்குள் ரசத்தையே இறக்கிவிட்டேன்.

தணிகாசலம்: அப்படியானால் வேன்?

சுந்தரமூர்த்தி: சாந்தோம் பக்கம் எங்காவது நிற்கும். அங்கிருந்து தட்டோடு நடக்க வேண்டும். பார்ப்பவர்கள் மாப்பிள்ளை ஊர்வலம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

தணிகாசலம்: மழை வந்தால்?

சுந்தரமூர்த்தி: தெப்பம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

தணிகாசலம்: சிரிக்காதீர்கள். பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும்.

சுந்தரமூர்த்தி: கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு பெருமையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதிக்கு அடியில் சுரங்கம் தோண்டும் இயந்திரத்துக்குப் பெயர் என்ன தெரியுமா? பிளமிங்கோ. பூநாரை! 2023 செப்டம்பரில் கலங்கரை விளக்கத்தில் பூமிக்குள் இறங்கியது.

தணிகாசலம்: பறவைக்குப் பூமிக்குள் என்ன வேலை?

சுந்தரமூர்த்தி: அதை நான் கேட்கவில்லை. என் வருத்தம் வேறு. மயிலாப்பூருக்குப் பூநாரையைக் கொடுத்துவிட்டு, மயில் என்று பெயர் வைத்ததைப் பனகல் பூங்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். மயில் ஆர்ப்பரித்த ஊர் சம்பந்தி இது!

தணிகாசலம்: உங்களுக்காவது பறவை கிடைத்தது. இரண்டாம் கட்ட மெட்ரோ 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். அதில் எங்கள் தாம்பரத்துக்கு ஓர் அடி கிடையாது. விமான நிலையத்தோடு மெட்ரோ முடிந்துவிடுகிறது. கிளாம்பாக்கம் வரை நீட்டும் திட்டம் கோப்பாக ஓடிக்கொண்டிருக்கிறது. கோப்பு ஓடும் வேகத்தில் ரயில் ஓடினால் சக்கரம் தேயவே தேயாது.

சுந்தரமூர்த்தி: உங்களுக்குத்தான் மின்சார ரயில் இருக்கிறதே.

தணிகாசலம்: இருக்கிறது. 1931-லேயே கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் விட்டார்கள். உங்கள் மயிலாப்பூர் அப்போது என்ன செய்துகொண்டிருந்தது?

சுந்தரமூர்த்தி: இந்தச் சென்னையில் 1895-லேயே மின்சார டிராம் ஓடியிருக்கிறது. உங்களைவிட முப்பத்தாறு வருடம் மூப்பு.

தணிகாசலம்: எங்கே அந்த டிராம்? பார்க்கலாமே.

சுந்தரமூர்த்தி: 1953-ல் நிறுத்திவிட்டார்கள்.

தணிகாசலம்: சரி, செத்துப்போனவரைப் பற்றிப் பேச வேண்டாம். ரயிலிலேயே வந்துவிடுகிறோம். வழி சொல்லுங்கள்.

சுந்தரமூர்த்தி: சுலபம். தாம்பரத்தில் ஏறிக் கோட்டையில் இறங்குங்கள். அதே நிலையத்தில், மேம்பாலத்தில் ஓடும் பறக்கும் ரயிலைப் பிடித்து எங்கள் திருமயிலை நிலையத்துக்கு வந்துவிடலாம்.

தணிகாசலம்: கோட்டையா? தெற்கே இருக்கும் நாங்கள் வடக்கே கோட்டை வரை போய், மறுபடி தெற்கே இறங்கி மயிலாப்பூர் வர வேண்டுமா? இது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது.

சுந்தரமூர்த்தி: மூக்கு கிடைக்கிறதே, அதைப் பாருங்கள்.

தணிகாசலம்: எட்டு மணிக் கூட்டத்தில் பதினொரு தட்டு. நுங்கம்பாக்கம் வருவதற்குள் வாழைப்பழத் தட்டு பஞ்சாமிர்தத் தட்டாகிவிடும். அதோடு என் பெரியம்மா இருக்கிறாள். ஏப்ரலில் ஏசி மின்சார ரயில் வந்த நாளிலிருந்து அதைத் தவிர எதிலும் ஏறமாட்டேன் என்கிறாள். சாதாரண ரயிலில் ஐந்து ரூபாயில் தொடங்கும் டிக்கெட் அதில் முப்பத்தைந்தில் தொடங்குகிறது. ஆனால் பட்டுப்புடவைக்கு வியர்வை ஆகாதாம்.

சுந்தரமூர்த்தி: அப்படியானால் பரங்கிமலையில் இறங்குங்கள். அங்கே மெட்ரோ. ஆலந்தூரில் வண்டி மாறி நந்தனத்தில் இறங்கினால், ஏழெட்டு ஆட்டோவில்...

தணிகாசலம்: பொறுங்கள், நான் விரல் விட்டு எண்ணுகிறேன். மின்சார ரயில், மெட்ரோ, இன்னொரு மெட்ரோ, ஆட்டோ. நான்கு வண்டி. இருபத்தொரு பேரில் வழியில் நான்கு பேரையாவது தொலைத்துவிடுவேன். மாப்பிள்ளை அதில் ஒருவனாக இருந்தால்?

சுந்தரமூர்த்தி: செயலி இருக்கிறதே! ‘சென்னை ஒன்’. பஸ், மெட்ரோ, மின்சார ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். போன மாதம்தான் வந்தது.

தணிகாசலம்: இறக்கி வைத்திருக்கிறேன். டிக்கெட் ஒன்றாகிவிட்டது சம்பந்தி, நிலையங்கள்தான் ஒன்றாகவில்லை. பரங்கிமலையில் மின்சார ரயில் இருக்கிறது, மெட்ரோ இருக்கிறது. வேளச்சேரியிலிருந்து உங்கள் திருமயிலைக்குப் பறக்கும் ரயில் இருக்கிறது. நடுவில் ஐந்து கிலோமீட்டர். அந்த வேலையைத் தொடங்கியது 2008-ல். அதில் ஐநூறு மீட்டருக்கு நிலம் கிடைக்காமல் வழக்கு, தடை என்று வருடக்கணக்கில் தூண்கள் வெயில் காய்ந்தன. அப்போது என் மகன் மூன்றாம் வகுப்பு. நாளை அவனுக்கு நிச்சயதார்த்தம்.

சுந்தரமூர்த்தி: இப்போது பாலம் சேர்ந்துவிட்டதாமே?

தணிகாசலம்: பாலம் சேர்ந்துவிட்டது. அதன் மேல் ரயில் வந்து சேர வேண்டும். உங்களிடம் ஓர் உண்மையைச் சொல்லட்டுமா? இந்தச் சம்பந்தம் பேச வந்தாரே தரகர், அவர் என்ன சொல்லி எங்களைச் சம்மதிக்க வைத்தார் தெரியுமா? ‘வேளச்சேரியும் பரங்கிமலையும் இணைந்துவிடும் ஐயா, நினைத்தால் பெண் வீட்டுக்குப் போய்க் காப்பி குடித்துவிட்டு வரலாம்’ என்றார்.

சுந்தரமூர்த்தி: எங்களிடமும் அதையேதான் சொன்னார்! ‘பெண்ணைத் தாம்பரத்தில் கொடுப்பதாக நினைக்காதீர்கள், பக்கத்துத் தெருவில் கொடுப்பதாக நினையுங்கள்’ என்றார்.

தணிகாசலம்: பத்துப் பொருத்தத்தில் எட்டு இருக்கிறது. ரஜ்ஜு இருக்கிறது. ரயில்தான் இல்லை.

சுந்தரமூர்த்தி: அதற்காகத் தேதியை மாற்றிவிடாதீர்கள். சமையல்காரருக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன்.

தணிகாசலம்: சேச்சே. இவர்களுக்காகக் காத்திருந்தால் சஷ்டியப்தபூர்த்தியைத்தான் நடத்த வேண்டும். 1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம், 1997-ல் திருமயிலை, 2007-ல் வேளச்சேரி. பறக்கும் ரயில் என்று பெயர் வைத்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு.

சுந்தரமூர்த்தி: அதையும் மெட்ரோவிடம் ஒப்படைக்கப் போகிறார்களே. ரயில்வே வாரியம் இந்த வருடம் கொள்கை அளவில் சரி என்று சொல்லிவிட்டது.

தணிகாசலம்: அதாவது நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டது, முகூர்த்தம் குறிக்கவில்லை. நம்மைவிடச் சாமர்த்தியசாலிகள். அது போகட்டும், உங்கள் திருமயிலையில் மெட்ரோ வந்தால் எத்தனை ஆழம் இறங்க வேண்டும்?

சுந்தரமூர்த்தி: சுமார் 35 மீட்டர். இரண்டு பாதைகள் அங்கே சந்திக்கின்றன. சுரங்கத்தை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். மேலே பறக்கும் ரயில், கீழே பாதாள ரயில்.

தணிகாசலம்: நடுவில் பூலோகத்தில் தகரத் தடுப்பு.

சுந்தரமூர்த்தி: (சிறிது யோசித்து) சம்பந்தி, ஒன்று தோன்றுகிறது. தவறாக நினைக்காதீர்கள். அந்தப் பறக்கும் ரயில் நிலையத்தை நீங்கள் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறீர்களா?

தணிகாசலம்: பார்த்திருக்கிறேன். மண்டபம் மாதிரி இருக்கும். கூப்பிட்டால் எதிரொலிதான் ‘என்ன’ என்று கேட்கும்.

சுந்தரமூர்த்தி: அதேதான். காற்றோட்டம், நிழல், மழைக்குக் கூரை. ஐந்நூறு பேர் பந்தியில் உட்காரலாம். கோடம்பாக்கத்தில் அரை நாள் மண்டபத்துக்கு என் தம்பி கொடுத்த வாடகையைக் கேட்டால் உங்களுக்கு மயக்கம் வரும். இங்கே தலைக்கு ஐந்து ரூபாய்.

தணிகாசலம்: நிச்சயதார்த்தத்தை ரயில் நிலையத்திலா?

சுந்தரமூர்த்தி: தட்டு மாற்ற எத்தனை நேரம் ஆகும்? நீங்கள் வண்டியை விட்டு இறங்குகிறீர்கள், நாங்கள் படியேறி வருகிறோம். லக்னப் பத்திரிகை வாசிக்கிறோம், தட்டு மாற்றுகிறோம். சாப்பாட்டுக்கு மட்டும் வீட்டுக்கு நடக்கிறோம். அப்போது ராகுகாலம் வந்தாலும் சாம்பாரை ஒன்றும் செய்யாது.

தணிகாசலம்: அனுமதி?

சுந்தரமூர்த்தி: இருபத்தொரு பயணிகள், கையில் பழம். இதற்கு என்ன அனுமதி? ஒலிபெருக்கிகூட அங்கேயே இருக்கிறது.

தணிகாசலம்: பெரியம்மாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

சுந்தரமூர்த்தி: மாடியில் கடற்காற்று வரும், ஏசி தோற்றுவிடும் என்று சொல்லுங்கள்.

தணிகாசலம்: (நீண்ட மூச்சு) சரி. கோட்டை வழியாகவே வருகிறோம். விடியற்காலை ஐந்தரை வண்டி, கூட்டம் இருக்காது. ஒரே ஒரு வேண்டுகோள் சம்பந்தி.

சுந்தரமூர்த்தி: சொல்லுங்கள்.

தணிகாசலம்: நாங்கள் இறங்கும் பிளாட்பாரத்திலேயே பெண்ணை நிறுத்தி வையுங்கள். எதிர்ப் பிளாட்பாரத்தில் நிறுத்தினால், படி இறங்கி, படி ஏறி, மாறி வருவதற்குள் ராகுகாலம் பிறந்துவிடும்.