செத்தது உறுதியா?

போன வாரம் எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சித்தப்பா ஒரு ஜோக் போட்டார். எனக்கு ரொம்பப் பிடித்த ஜோக், பல வருஷமாகச் சுற்றுவது. காட்டுக்கு வேட்டைக்குப் போன ரெண்டு பேரில் ஒருத்தன் பொத்தென்று விழுகிறான். மற்றவன் 108-க்கு அடித்து, "சார், என் ஃப்ரெண்டு செத்துட்டான், என்ன பண்றது?" என்று அலறுகிறான். "பதறாதீங்க. அவர் செத்துட்டார்ங்கிறதை முதல்ல உறுதி பண்ணுங்க." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் 'டுமீல்'. "பண்ணிட்டேன் சார், அடுத்து?"

கீழே வழக்கம்போல 'படித்ததில் பிடித்தது'. இந்த ரெண்டு வார்த்தையைப் போட்டால் போதும், எவன் சொத்தும் நம்ம சொத்து!

இந்தச் சொத்துக்கு மூலப்பத்திரம் உண்டு. உலகத்திலேயே சிறந்த ஜோக் எது என்று கண்டுபிடிக்க 2001-இல் ரிச்சர்ட் வைஸ்மன் என்ற பிரிட்டிஷ் உளவியல் பேராசிரியர் இணையத்தில் ஒரு ஆராய்ச்சி நடத்தினார். வந்து குவிந்தது 40,000 ஜோக்குகள். 2002 அக்டோபரில் முதலிடம் என்று அறிவித்தது இந்த வேட்டைக்கார ஜோக்கைத்தான். அனுப்பியவர் மான்செஸ்டர்காரர், மனநல மருத்துவர். அவரும் எங்கேயோ கேட்டதாகத்தான் இருக்கும்.

அப்புறம்தான் வைஸ்மன் கண்ணில் 1951-ஆம் வருஷத்துக் காட்சி ஒன்று படுகிறது. பிபிசி வானொலியில் 'கூன் ஷோ' என்ற நகைச்சுவை நிகழ்ச்சி நடத்திய குழு அது. பீட்டர் செல்லர்ஸும் மைக்கேல் பென்டைனும் நடிக்க, எழுதியவர் ஸ்பைக் மில்லிகன். அதில் காடு இல்லை, போன் இல்லை. வீட்டுக்குள்ளே கம்பளத்தில் ஒருத்தர் கிடக்கிறார். செத்துட்டாரா? அப்படித்தான் தோணுது. உறுதி பண்ணிக்கலாமே? டுமீல்.

மில்லிகன் 1918-இல் நம்ம அகமத்நகரில் பிறந்தவர். அப்பா பிரிட்டிஷ் ராணுவம். அந்த ஆள் 2002 பிப்ரவரியிலேயே செத்துப்போனார். தன் ஜோக் உலக ஜோக் ஆன சேதி அவருக்குத் தெரியாது. அவர் கல்லறையில் ஐரிஷ் மொழியில் பொறித்திருப்பது என்ன தெரியுமா? "எனக்கு உடம்பு சரியில்லைன்னு சொன்னேன்ல!" செத்ததைக் கூட உறுதி பண்ணிவிட்டுத்தான் படுத்திருக்கிறார் மனுஷன்.

ஒன்று ஒத்துக்கொள்கிறேன். போனைச் சேர்த்த புண்ணியவான் யாரோ, அவன் மூலத்தை விட நன்றாகச் செய்திருக்கிறான். கம்பளத்துக் காட்சியில் சுடுவது கண்ணெதிரே. போனில் நமக்குக் காது மட்டும்தான். அந்தச் சின்ன மௌனத்தில் சிரிப்பு பாதி வந்துவிடுகிறது. தமிழுக்கு வந்தும் ஜோக் சேதாரம் ஆகாததற்கு 'உறுதி பண்ணு' என்பதற்கு நம்மிடமும் அதே ரெட்டை அர்த்தம் இருப்பதுதான் காரணம். ஆனால் மாற்றினவன் பேர் தெரியாது, சரி. முதல்ல செய்தவன் பேர் தெரியுமே, அதைப் போட்டால் என்ன விரல் தேய்ந்துவிடுமா?

குரூப்பிலேயே எழுதினேன்: "சித்தப்பா, இது ஸ்பைக் மில்லிகன் ஜோக்."

ரெண்டு நிமிஷத்தில் பதில் வந்தது: "அவர் எந்த குரூப்புல இருக்கார்டா? என்னையும் சேர்த்து விடச் சொல்லு."